ஆப்பிரிக்கா வேட்டை ட்ரிப்: பட்டியல்ல 8,100 டாலர், கடைசில கையிலிருந்து எவ்வளவு போகும்?

தடம்தேடி:

வணக்கம். ரொம்ப வருஷமா மனசுல இருக்கிற ஆசை, அடுத்த ஜூன்ல தென்னாப்பிரிக்கா லிம்போப்போ பக்கம் ஒரு வேட்டைக்குப் போகணும்னு முடிவு பண்ணியிருக்கேன். பெரிய மிருகம் எதுவும் இல்ல, சிங்கம் யானைன்னு எனக்கு ஆசையும் கிடையாது, ப்ளெயின்ஸ் கேம், அதாவது மான், காட்டுப்பன்றி மாதிரி மிருகங்கள் மட்டும்தான். வேட்டை ட்ரிப் நடத்துற ஒரு அவுட்ஃபிட்டர்கிட்ட விலை கேட்டேன், அவங்க அனுப்பின பட்டியல் இது: ஒரு ஹன்டருக்கு ஒரு பிஎச் (கூட வந்து வழிகாட்டுற ப்ரொஃபஷனல் ஹன்டர்), ஒரு நாளைக்கு 400 டாலர், 7 நாள், ஆக 2,800. அடிக்கிற ஒவ்வொரு மிருகத்துக்கும் கட்டுற ட்ரோஃபி ஃபீ தனி, குடு 2,500, ஜெம்ஸ்பாக் 1,100, நீல வில்டபீஸ்ட் 950, இம்பாலா 400, வார்ட்ஹாக் 350. எல்லாம் கூட்டினா 8,100.

இதோட ஃப்ளைட் டிக்கெட்டையும் சேர்த்து ஒரு 10,000 இருந்தா போதும்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். மனைவியும் கூட வரேங்கிறா, அவ சுட மாட்டா, சும்மா கூட வருவா. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க, இந்த 10,000 சரியா? பட்டியல்ல இல்லாத செலவு என்னென்ன வரும்? இந்தப் பணத்தை சேர்க்க எனக்கு 4 வருஷம் ஆச்சு, அதனால அங்க போய் நின்னுக்கிட்டு திகைக்கக் கூடாதுன்னுதான் கேக்குறேன்.

வடக்குக்காற்று:

நண்பா, நல்லவேளை பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டீங்க. நான் 2 தடவை போயிருக்கேன், ரெண்டும் லிம்போப்போதான், முதல் தடவை நீங்க போட்ட மாதிரியேதான் கணக்கு போட்டேன். பட்டியல் 7,400 சொல்லுச்சு, கடைசியா தலையெல்லாம் செவுத்துல ஏறின நாள்ல மொத்தம் 17,650 ஆகியிருந்துச்சு. யாரும் என்னை ஏமாத்தல, அதை முதல்ல சொல்லிடறேன், அவுட்ஃபிட்டர் அவர் விலையை சரியாத்தான் சொன்னார், அவர் விலைக்கு முன்னாடியும் பின்னாடியும் வர்றத நான்தான் கேக்கல.

எங்கெங்க போச்சுன்னு சொல்றேன். டிக்கெட் 1,650. ஜோஹன்னஸ்பர்க்ல ராத்திரி இறங்குனா அன்னைக்கே கேம்ப் போக முடியாது, திரும்பும்போதும் ஒரு ராத்திரி, ஆக ரெண்டு ராத்திரி தங்கல் 240. ஏர்போர்ட்ல இருந்து கேம்புக்கு 4 மணி நேரம், போக வர வண்டிக்கு 400, இது பட்டியல்ல கடைசி வரியில சின்ன எழுத்துல இருந்துச்சு. டெய்லி ரேட்டுக்கு 15 சதவீதம் வாட் வரி, எனக்கு 370 கிட்ட வந்துச்சு, சில பேர் விலையிலயே சேர்த்து போடுவாங்க சில பேர் கடைசி பில்லுல போடுவாங்க, உங்க 400 டாலர்ல வாட் உள்ளயா வெளியயான்னு மெயில்லயே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

அப்புறம் என் மனசை இன்னும் உறுத்துற ஒரு செலவு. ஒரு இம்பாலாவை அடிச்சேன், குண்டு கொஞ்சம் பின்னாடி பட்டுடுச்சு, தடம் பாத்து மிருகத்தைத் தேடுற டிராக்கர் ரெண்டு பேரும் நாயும் இருட்டுற வரைக்கும் தேடினாங்க, மறுநாள் காலைலயும் தேடினாங்க, கிடைக்கல. ரத்தம் ஒரு சொட்டு கண்ணுல பட்டாலும் அது உங்க கணக்கு, முழு ட்ரோஃபி ஃபீ கட்டணும், அங்க எல்லா கேம்ப்லயும் இதுதான் முறை. 400 டாலர் போனது ஒரு பக்கம், அந்த மிருகம் என்னாச்சுன்னு தெரியாம ஊருக்கு வந்தது இன்னொரு பக்கம். உங்க லிஸ்ட்ல குடு 2,500, அதை காயப்படுத்தி விட்டுட்டா 2,500 அப்படியே போகும், இன்னொரு குடு வேணும்னா இன்னொரு 2,500. அதனால கையிருப்பா ஒரு மிருகத்தோட காசு தனியா வச்சுக்குங்க.

துப்பாக்கி பர்மிட் வேலையை முன்னாடியே முடிச்சு வைக்கிற ஏஜென்டுக்கு 130, இன்சூரன்ஸ் 260, டிப்ஸ் மொத்தம் 900. இதுக்கு அப்புறம்தான் பெரிய பூதம். வேட்டை முடிஞ்சதும் தோலும் கொம்பும் அப்படியே உங்ககூட ஃப்ளைட்ல வராது. மண்டையோட்டை வேக வச்சு, தோலை மருந்துல முக்கி, கால்நடை டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கி, மரப்பெட்டி அடிச்சு அனுப்புற வேலைக்கு டிப் அண்ட் பேக்னு பேரு, அது 1,150. ஏர் கார்கோவும் இங்க கஸ்டம்ஸ் கிளியரன்ஸும் 1,900. இங்க வந்தப்புறம் பாடம் பண்றவர்கிட்ட 3 தோள் மவுண்ட், அதாவது செவுத்துல மாட்ட தலையில இருந்து தோள் வரைக்கும் பாடம் பண்ணது, ஒண்ணு 950, ஆக 2,850. கூட்டிப் பாருங்க, வேட்டையாடினதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினதுக்கு மட்டும் 5,900, மொத்தத்துல மூணுல ஒரு பங்கு போயிருக்கு. பெட்டி வந்து சேர எனக்கு 10 மாசம் ஆச்சு, அதனால இந்த செலவு ஒரே நாள்ல வராது, ட்ரிப் மறந்து போற நேரத்துல ஒவ்வொண்ணா பில் வரும்.

இளவேனில்:

நான் சுடுறவ இல்ல, வீட்டுக்காரர் கூட அப்சர்வரா போனவ, அதனால அந்தப் பக்கத்தை சொல்றேன், ஏன்னா எல்லாரும் இதை விட்டுடறாங்க. தடம்தேடி அண்ணா, அக்கா கூட வர்றாங்கன்னா அவங்களுக்கு அப்சர்வர் ரேட்னு தனியா உண்டு, எங்களுக்கு ஒரு நாளைக்கு 180 போட்டாங்க, 7 நாளுக்கு 1,260, அது மேல வாட். தங்கல் சாப்பாடு துணி துவைக்கிறது எல்லாம் அதுல அடங்கும், வண்டியிலயும் கூடவே போகலாம். ஆனா இறங்குற நாளும் கிளம்புற நாளும் கணக்குல வருமான்னு கேளுங்க. எங்க பட்டியல்ல 7 நாள்னு இருந்துச்சு, பில்லுல 9 நாள் அப்சர்வர் ரேட் இருந்துச்சு, போய் சேர்ந்த சாயங்காலமும் கிளம்புற காலையும் சேர்த்து போட்டுட்டாங்க. பேசி ஒரு நாளைக் குறைச்சோம், ஆனா அதை கேம்ப்ல உக்காந்து பேச வேண்டியிருந்தது சங்கடமா இருந்துச்சு.

டாக்டர் செலவும் உண்டு. லிம்போப்போவுல எல்லா இடமும் ஒண்ணு இல்ல, வடக்கு கிழக்கு எல்லை ஓரம் தாழ்வான பகுதில மலேரியா இருக்கு, வாட்டர்பெர்க் பக்கம் பெரும்பாலும் இல்ல, தெக்கே ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துல சுத்தமா இல்ல. உங்க கேம்ப் எங்கன்னு மேப்ல பாத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரை தேவைன்னா ரெண்டு பேருக்கும் வாங்கணும், போய்ட்டு வந்தப்புறமும் சில நாள் சாப்பிடணும். இன்னொண்ணு, விலை கம்மியா இருக்குன்னு அடிஸ் அபாபா, நைரோபி வழியா டிக்கெட் போட்டா அங்க ஏர்போர்ட்ல 12 மணி நேரத்துக்கு மேல காத்திருக்கிற மாதிரி இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க. டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது ஊசிக்குப் போகும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது சும்மா ட்ராவல் பாலிசி எடுத்துட்டு நிம்மதியா இருக்காதீங்க. எங்க பாலிசியை அவர் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நான் முழுசா படிச்சேன், துப்பாக்கி சம்பந்தப்பட்ட நடவடிக்கைக்கு கவர் இல்லைன்னு உள்ள ஒரு வரி இருந்துச்சு. அவர் அதை பாத்திருக்கவே மாட்டார். கேம்ப்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ரொம்ப தூரம், ரோடும் மண் ரோடு, அதனால வேட்டைக்கும் கவர் இருக்கணும், ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போற கவரும் இருக்கணும். இதுல மட்டும் தயவுசெஞ்சு காசு மிச்சம் பிடிக்காதீங்க.

பழையஇரும்பு:

வடக்குக்காற்று சொன்னதுல கார்கோ பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா அங்கதான் நிறைய மிச்சம் பிடிக்கலாம். ஏர் கார்கோவுல எடைக்கு மட்டும் காசு இல்ல, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் காசு. நீளம் அகலம் உயரம் செண்டிமீட்டர்ல பெருக்கி 6,000ஆல வகுத்தா வர்றதுதான் கணக்கு எடை, நிஜ எடையும் இதுவும் ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் பில். 120க்கு 100க்கு 100னு ஒரு பெட்டி அடிச்சா கணக்கு எடை 200 கிலோ, உள்ள இருக்கிற தோலும் கொம்பும் 70 கிலோதான் இருக்கும், ஆனா கட்டுறது 200 கிலோவுக்கு. பெட்டி அளவை முடிவு பண்றது குடு கொம்புதான், சுருள் சுருளா விரிஞ்சு போகும். கொம்பை உள்ளெலும்புல இருந்து கழட்டி ஒண்ணோட ஒண்ணு சேர்த்து அடுக்கினா பெட்டி சின்னதாகும், மண்டையோட்டோட அப்படியே வேணும்னா பெருசாத்தான் வரும். அங்கேயே பாடம் பண்ணி தோள் மவுண்டா அனுப்பினா கூலி கம்மின்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா மவுண்ட் அடைக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க, கூலில மிச்சமானதை கார்கோ சாப்பிட்டுடும். நானும் கூட வந்த நண்பரும் ஒரே பெட்டில போட்டு அனுப்பினோம், டாக்குமெண்ட் மட்டும் தனித்தனி, ஆளுக்கு கிட்டத்தட்ட 600 டாலர் மிச்சம்.

என் கருத்து என்னன்னா எல்லாத்தையும் கொண்டுவரணும்னு அவசியமே இல்ல. கறி எப்படியும் கொண்டுவர முடியாது, கேம்ப்ல சாப்பிடுறது போக மீதி அங்க உள்ளவங்களுக்குத்தான் போகும், போகணும். வார்ட்ஹாக் பன்றி ஜாதி, ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சல் பயத்துல பல நாட்டுல அதுக்கு கால்நடைத் துறை விதி ரொம்ப கறார், 350 டாலர் மிருகத்துக்கு பேப்பர் வேலை அதை விட அதிகமா ஆகும். குடு ஒண்ணை மட்டும் நல்லா பாடம் பண்ணிட்டு மத்ததை நல்ல போட்டோவா வச்சுக்குங்க. நான் அப்படித்தான் பண்ணேன், ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.

முக்கியமா ஒண்ணு, போற வழியில "அங்க பாருங்க பபூன், 100 டாலர்தான், அடிக்கிறீங்களா"ன்னு கேப்பாங்க. குரங்கு வகை எல்லாமே சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட பட்டியல்ல இருக்கு, பபூன் ரெண்டாம் பட்டியல். கொண்டுவரணும்னா ஏற்றுமதி பர்மிட் வேணும், சில நாட்டுல இறக்குமதிக்கும் தனி பேப்பர், ஏஜென்ட் ஃபீ வேற. லெச்வே, பாண்ட்டிபாக் மான்கள், நமீபியா பக்கம் ஹார்ட்மன் வரிக்குதிரை இதெல்லாமும் அதே பட்டியல். குடு, இம்பாலா, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்டுக்கு அந்தத் தொல்லை இல்ல. திட்டத்துல இல்லாத மிருகத்தை ஆசைப்பட்டு அடிக்கிறதுதான் பில்லை உடைக்கிறதுல முதல் இடம், நான் கேம்ப்ல பாத்தவங்கள்ல திட்டம் போட்ட அளவோட நிறுத்தினவங்க ரொம்ப கம்மி. சாயங்காலம் நெருப்புகிட்ட உக்காந்து விலைப்பட்டியலை கையில கொடுப்பாங்க, அப்ப மனசு இளகிடும்.

மூணுகால்ஸ்டிக்:

சொந்த துப்பாக்கி கொண்டு போறதா வாடகையாங்கிறதை யாரும் பேசல. தென்னாப்பிரிக்கா போலீஸோட எஸ்ஏபிஎஸ் 520னு ஒரு படிவம், தற்காலிக இறக்குமதி பர்மிட்டுக்கு, போலீஸ் அதுக்கு காசு வாங்குறதில்ல. ஆனா முன்கூட்டியே ஏஜென்ட் வழியா பண்ணலேன்னா நீண்ட ஃப்ளைட்டுக்கு அப்புறம் ஜோஹன்னஸ்பர்க் ஏர்போர்ட்ல வரிசையில நிக்கணும். ஒரு துப்பாக்கிக்கு 200 ரவுண்டு வரைக்கும் அனுமதி, ஆனா ஏர்லைன்ஸ்ல ஒரு ஆளுக்கு 5 கிலோ தோட்டாதான், ஆக அந்த 5 கிலோதான் நிஜ அளவு. செமி ஆட்டோமேட்டிக் கொண்டு போக முடியாது. நடுவுல இறங்கி மாறுற நாட்டுக்கும் தனி பர்மிட் தேவைப்படலாம், அதை டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பாக்கணும். சில ஏர்லைன்ஸ் துப்பாக்கிப் பெட்டிக்கு மாறுற ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் தனியா காசு வாங்கும்.

வாடகைன்னா ஒரு நாளைக்கு 40, 50 டாலர், தோட்டா தனி. முதல் தடவை போறவர், 3 மிருகம் 5 மிருகம்னா வாடகையே போதும்னு எனக்குத் தோணுது. ஆனா பழகாத துப்பாக்கி பயம் இருந்தா முதல் நாள் டார்கெட்ல நல்லா சுட்டுப் பழகிட்டுத்தான் காட்டுக்குள்ள போகணும், பிஎச்சே அதை வற்புறுத்துவார். 30-06 மாதிரி சாதாரண கேலிபரே குடுவுக்கும் ஜெம்ஸ்பாக்குக்கும் தாராளம், பாயிண்ட் 375 எருமை மாதிரி ஆபத்தான மிருகத்துக்கு.

காடுபாத்தவன்:

நான் ஹன்டர் இல்ல, அந்தப் பக்கம் ஒரு கேம்ப்ல ரெண்டு சீசன் வேலை பாத்தவன். டிப்ஸை எல்லாரும் கடைசில மிச்சம் பிடிக்கிற இடமா பாக்குறாங்க, அதனாலதான் எழுதுறேன். டெய்லி ரேட் 400ங்கிறது பிஎச் கைக்கு போறதில்ல, டீசல், வண்டி, சமையல், தங்கல், லைசென்ஸ் எல்லாம் அதுலதான். அங்க சட்டப்படி வெளிநாட்டுல இருந்து வர்ற ஹன்டர், லைசென்ஸ் உள்ள ஒரு பிஎச் கூடத்தான் வேட்டையாட முடியும், அதனால உங்களுக்கு அது தவிர்க்க முடியாத செலவு, ஆனா அதுல டிராக்கருக்கும் தோல் உரிக்கிற ஸ்கின்னருக்கும் போறது ரொம்ப சின்ன பங்கு.

உங்க குடுவை கண்டுபிடிக்கிறது டிராக்கர் கண்ணு. வெயில்ல காய்ஞ்ச மண்ணுல ஒரு குளம்படியை விட்டுட்டு அடுத்ததை 20 அடி தள்ளி பிடிப்பார், நான் பக்கத்துல நின்னு பாத்தும் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்கின்னர் ராத்திரி 11 மணிக்கு லைட் போட்டு உங்க தோலை உரிச்சு உப்பு போடுவார், அவர் தப்பு பண்ணா தோல்ல முடி கொட்டிடும், உங்க 2,500 டாலர் குடு வீணாகும். பிஎச்சுக்கு டெய்லி ரேட் மொத்தத்துல கால் பங்கு மாதிரி சில பேர் குடுப்பாங்க, சில பேர் நாளைக்கு 80, 100னு குடுப்பாங்க. டிராக்கர், ஸ்கின்னர், சமையல்காரர், அறை பாக்குறவங்க ஒவ்வொருத்தருக்கும் நாளைக்கு 10ல இருந்து 15. இதை போறதுக்கு முன்னாடியே தனி கவர்ல எடுத்து வச்சுக்குங்க, கடைசி நாள் மிச்சம் இருக்கிறதுல குடுக்கலாம்னு நினைச்சா மிச்சம் இருக்காது. எத்தனை பேர் கேம்ப்ல வேலை பாக்குறாங்கன்னு அவுட்ஃபிட்டர்கிட்ட முன்னாடியே கேக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் நீங்களே குடுங்க.

வடக்குக்காற்று:

காடுபாத்தவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. என் 900ல 550 பிஎச்சுக்கு, மீதி கேம்ப்ல இருந்த 4 பேருக்கு. ரெண்டாவது தடவை அதே டிராக்கர் இருந்தார், என்னை அடையாளம் கண்டு அந்த இம்பாலா பத்தி அவரே விசாரிச்சார், அவருக்கும் அது மனசுல நின்னிருக்கு.

தெக்குவெளி:

நாடு மாறினா செலவு ஒளிஞ்சிருக்கிற இடமும் மாறும். நான் அர்ஜென்டினா கோர்டோபாவுக்கு புறா வேட்டைக்குப் போனேன். அங்க ட்ரோஃபி ஃபீ கிடையாது, பறவைக்கு எண்ணிக்கை வரம்பும் கிடையாது, லாட்ஜ் விலை பாத்தா ரொம்ப நியாயமா இருந்துச்சு. செலவு முழுக்க தோட்டாவுல. 25 தோட்டா ஒரு பாக்ஸ் 15 டாலர்னு லாட்ஜ்லதான் வாங்கணும். ஒரு நாள்ல 1,000 தோட்டா சுடுறது அங்க சர்வ சாதாரணம், அது 40 பாக்ஸ், 600 டாலர். 3 நாள்ல தோட்டாவுக்கு மட்டும் 1,800, அது லாட்ஜ் பில்லை விட அதிகம். ஆக எந்த நாடா இருந்தாலும் அவுட்ஃபிட்டர்கிட்ட "போன வருஷம் என்னை மாதிரி வந்த ஒருத்தர் கிளம்பும்போது கட்டின மொத்த பில் எவ்வளவு, பேர் வேண்டாம், பில்லை மட்டும் காட்டுங்க"ன்னு கேளுங்க. நல்ல அவுட்ஃபிட்டர் தயங்காம காட்டுவார்.

தடம்தேடி:

எல்லாருக்கும் மனசார நன்றி. ரெண்டு நாளா உக்காந்து கணக்கை முதல்ல இருந்து போட்டேன், அவுட்ஃபிட்டருக்கும் மெயில் பண்ணேன், உடனே பதில் போட்டார், அது ஒரு நல்ல அறிகுறின்னு எடுத்துக்கிறேன். வாட் வெளியதானாம். வண்டிக்கு போக வர 450. அப்சர்வர் ரேட் 180, இறங்குற நாளும் கிளம்புற நாளும் கணக்குல வராதுன்னு எழுத்துல குடுத்துட்டார், இளவேனில் சொன்னதாலதான் கேட்டேன்.

வார்ட்ஹாக்கையும் வில்டபீஸ்டையும் எடுத்துட்டேன், குடு ஜெம்ஸ்பாக் இம்பாலா 3 மட்டும், 4,000. டெய்லி ரேட் வாட்டோட 3,220, மனைவிக்கு வாட்டோட 1,449. துப்பாக்கி வாடகை தோட்டாவோட 375, டிக்கெட் ரெண்டு பேருக்கு 3,400, ரெண்டு ராத்திரி 260, வண்டி 450, டிப்ஸ் 1,000, வேட்டையும் ஹெலிகாப்டரும் கவர் ஆகுற இன்சூரன்ஸ் 380. கையிருப்பா 400, அது இம்பாலாவுக்குத்தான் ஆகும், குடுன்னா பத்தாதுன்னு தெரியும். டிப் அண்ட் பேக் 800, கார்கோ 1,500, குடு ஒண்ணு மட்டும் தோள் மவுண்ட் 1,100. மொத்தம் 18,334 வருது.

10,000னு வீட்ல சொன்னவன் நான். நேத்து ராத்திரி இந்தப் பேப்பரை மனைவிகிட்ட காட்டினேன், அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு, கொம்பு எங்க மாட்டப்போறோம்னு கேட்டா. ஒரு வருஷம் தள்ளிப் போடுறோம், அதுக்கடுத்த ஜூன். அவுட்ஃபிட்டர் முன்பணம் 50 சதவீதம் கேட்டார், தேதி மாத்தினா அது அப்படியே அடுத்த வருஷத்துக்கு வருமா, ரத்து பண்ணா திரும்பக் கிடைக்குமான்னு கேட்டிருக்கேன், அந்தப் பதில் வந்தப்புறம்தான் கையெழுத்து.

மூணுகால்ஸ்டிக்:

ஜூன்ல குடுவுக்கு இனச்சேர்க்கை காலம், கிடா வெளிய நடமாடும், மரத்துல இலையும் உதிர்ந்து கண்ணுக்குத் தெரியும், நல்ல நேரம்தான். ஒரு வருஷம் கையில இருக்குன்னா மூணு கால் ஷூட்டிங் ஸ்டிக் ஒண்ணு வாங்கி, நின்ன வாக்குல 100, 150, 200 மீட்டர்ல பழகுங்க. அங்க பெஞ்சுல சாஞ்சு சுடுற வாய்ப்பே வராது, புல்லு இடுப்பு உயரம் இருக்கும், பிஎச் ஸ்டிக்கை விரிச்சு வச்சுட்டு "இப்ப"ன்னு சொன்னா 5, 6 செகண்டுதான். இம்பாலா காயப்பட்டு போறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். முன்னங்காலுக்கு நேர் மேல, கீழ இருந்து உடம்போட மூணுல ஒரு பங்கு உயரத்துல குறி வைங்க, தோளுக்குப் பின்னாடின்னு பழகியிருந்தா அதை மாத்திக்குங்க, ஆப்பிரிக்க மிருகங்களுக்கு இதயம் கொஞ்சம் முன்னாடி கீழ இருக்கும். மாசம் ஒரு தடவை பழகினது எப்படிப் போகுதுன்னு இங்கயே எழுதுங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.